நோர்ட்டன் பிரிட்ஜில் ஒரு சக்கரம், இரத்மலானையில் ஒரு விமானம்

1974 டிசம்பர் 4, இரவு பத்து மணி தாண்டிய நேரம். இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஜித்தாவுக்குப் புறப்பட்ட மார்ட்டின் எயார் நிறுவனத்தின் டீசீ-8 விமானம் வழியில் கட்டுநாயக்காவில் இறங்க வேண்டியிருந்தது. உள்ளே ஹஜ்ஜுக்குப் போகும் 182 பேரும் பணியாளர்கள் 9 பேரும். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்னும் ஏறத்தாழ மூன்று வாரம்தான். விமானம் மஸ்கெலியாப் பக்கத்துச் சப்த கன்னியர் மலையில் மோதியது. 191 பேரில் ஒருவரும் தப்பவில்லை. இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.

இதை வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் முதலில் கேட்பது, "சேர், கட்டுநாயக்காவுக்குப் போற பிளேன் ஏன் மலைநாட்டுக்கு வந்தது?" என்பதுதான். வரைபடத்தை எடுத்து, சுரபாயாவையும் கட்டுநாயக்காவையும் ஒரு கோட்டால் இணைத்துப் பாருங்கள். அந்தக் கோடு எங்கள் ஊவாவின் தென்பகுதிக்கு மேலாக வந்து, சப்த கன்னியர் மலைப் பக்கமாகத்தான் கட்டுநாயக்காவுக்குப் போகிறது. விமானம் பாதை மாறவில்லை. பிழைத்தது தூரக்கணக்கு. தரையிலும் கடலிலும் பட்டுத் திரும்பும் அலைகளை வைத்து, எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று கணிக்கும் 'டொப்ளர்' கருவியையும் வானிலை ராடாரையும் நம்பித்தான் விமானிகள் வந்தார்கள். நீண்ட கடற்பயணத்தில் அந்தக் கணக்கில் சேரும் சிறு பிழைகள் கடைசியில் பெரிதாகிவிடும். விமான நிலையம் கிட்டிவிட்டது என்று நினைத்துத் தாழ இறங்கினார்கள். உண்மையில் இன்னும் 70 கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. இடையில் இருட்டில் மலை நின்றது.

அந்த விமானத்தின் சக்கரம் ஒன்று நோர்ட்டன் பிரிட்ஜில் நினைவாக வைக்கப்பட்டிருக்கிறது. பதுளையில் ரயிலேறி ஹட்டனில் இறங்கி நோர்ட்டன் பஸ் எடுத்தால் போய்ப் பார்த்துவிடலாம். இந்த நாட்டில் பழைய விமானங்களைப் பாதுகாப்பது பற்றிப் பேச வேண்டுமானால், நான் இந்தச் சக்கரத்திலிருந்துதான் தொடங்குவேன்.

முழு விமானங்களைப் பார்க்க இரத்மலானைக்குப் போக வேண்டும். 1935 நவம்பர் 27 அன்று மதராஸ் பறப்புக் கழகத்தின் சிறு விமானமொன்று முதன்முதலாக வந்து இறங்கிய இடம் அது. விமானப்படையின் அருங்காட்சியகம் அங்கேதான் இருக்கிறது. பழைய விமானங்களைச் சேர்த்து வைக்கும் பிரிவாக 1993இல் தொடங்கி, 2009 நவம்பரில் பொதுமக்களுக்காகப் புதுப்பித்துத் திறந்தார்கள். 1951இல் பிறந்த எமது விமானப்படை ஆரம்ப காலத்தில் ஓட்டிய சிப்மங்க், பலியோல் முதல் போர்க்காலத்து விமானங்கள் வரை அங்கு நிற்கின்றன.

இவற்றைக் காப்பது இலேசான வேலை அல்ல. விமானத்தின் உடல் பெரும்பாலும் அலுமினியக் கலவை. கடற்காற்றின் உப்பு பட்டால் இரும்புபோலச் சிவப்பாகத் துருப்பிடிக்காது. வெள்ளைத் தூளாக உள்ளே இருந்து அரித்துக்கொண்டு போகும். வெயிலில் டயர் வெடிக்கும், கண்ணாடி மங்கும். இரத்மலானையோ கடலுக்குப் பக்கத்து ஊர். ஒரு பழைய விமானத்தைக் கூரைக்குள் வைத்துத் துடைத்துப் பார்ப்பவர்களின் உழைப்பை நாங்கள் மதிக்க வேண்டும்.

ஆனால் உலோகத்தைக் காத்தால் மட்டும் வரலாறு காக்கப்பட்டுவிடுமா?

ஜெட் புரொவொஸ்ட்டை எடுத்துக்கொள்வோம். விமானிகள் பழகுவதற்காகச் செய்த பயிற்சி விமானம் அது. 1971 ஏப்ரல் கிளர்ச்சியின்போது, ஒதுக்கி வைத்திருந்தவற்றை மறுபடி எடுத்துக் கிளர்ச்சியாளர்களைத் தாக்கப் பயன்படுத்தினார்கள். 1985இல் வாங்கிய இத்தாலியின் சியாமாசெட்டியும் அடிப்படையில் பயிற்சி விமானம்தான். வடக்கிலே அது குண்டு போட்டது. யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமுறை அதன் சத்தத்தை வைத்தே அடையாளம் கண்டு பங்கருக்குள் ஓடியது. அதே விமானம் இன்று சுத்தமாகப் பூச்சுப் பூசி நிற்கிறது. அதை ஓட்டிப் போய் வீடு திரும்பாத விமானியின் தாய்க்கு அது மகனின் ஞாபகம். கீழே பங்கரில் இருந்த பிள்ளைக்கு அது வேறொரு ஞாபகம். இரண்டும் உண்மை. ஒன்றை மட்டும் எழுதி வைத்தால் பாதி வரலாறுதான் மிஞ்சும்.

இது எமது நாட்டுப் பிரச்சினை மட்டுமல்ல. ஹிரோஷிமாவில் அணுகுண்டு போட்ட 'எனோலா கே' விமானத்தை 1995இல் காட்சிக்கு வைக்க அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் ஆயத்தமானது. குண்டு விழுந்த நகரத்தின் கதையையும் சேர்த்துச் சொல்வதே முதல் திட்டம். பழைய படைவீரர் அமைப்புகளும் அரசியல்வாதிகளும் கடுமையாக எதிர்த்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது, அருங்காட்சியகத்தின் பணிப்பாளர் பதவி விலகினார். கடைசியில் விமானத்தின் முன்பகுதியை, சுருக்கமான விளக்கத்தோடு வைத்தார்கள். விமானத்தைக் காப்பதில் அங்கு யாருக்கும் சண்டை இல்லை. பக்கத்தில் வைக்கும் பலகையில் என்ன எழுதுவது என்பதில்தான் சண்டை.

அதனால்தான் நோர்ட்டன் பிரிட்ஜ் சக்கரம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதற்குப் பளபளப்பு இல்லை. எந்த வெற்றியையும் அது சொல்லவில்லை. முன்பின் தெரியாத ஊரிலிருந்து வந்து, எங்கள் மலையில் மெளத்தாகிப்போன மனிதர்களை மட்டும் ஞாபகப்படுத்துகிறது.

அதற்கும் குறை ஒன்று உண்டு. சக்கரம் தானாகப் பேசாது. அந்த இரவில் சத்தம் கேட்டு எழும்பியவர்களும், மறுநாள் மலையில் கண்டதைச் சொல்லக்கூடியவர்களும் தோட்டத்து மக்களும் கிராமத்து மக்களும்தான். அன்று இருபது வயது என்றால் இன்று எழுபதைத் தாண்டியிருப்பார்கள். உலோகத்தை எண்ணெய் போட்டு வைக்கலாம், கூரை போட்டு வைக்கலாம். மனிதரின் ஞாபகத்தை எழுதித்தான் வைக்க வேண்டும், அதற்குக் காலம் அதிகமில்லை.

பாடசாலைச் சுற்றுலாவை ஒழுங்கு செய்யும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இரத்மலானைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். ஒவ்வொரு விமானத்தின் முன்னாலும் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: இதை எதற்காகச் செய்தார்கள்? எதற்காகப் பாவித்தார்கள்? அது பறந்தபோது கீழே யார் இருந்தார்கள்? ஊவாப் பிள்ளைகள் என்றால் வரும் வழியில் நோர்ட்டன் பிரிட்ஜுக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள்.

மஸ்கெலியா, நோர்ட்டன், ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் உங்கள் தாத்தாவோ அப்பாயியோ, உம்மும்மாவோ அந்த இரவைப் பற்றிச் சொல்லியிருந்தால் இங்கே எழுதுங்கள். இரண்டு வரி போதும். ஃபோனில் அவர்களின் குரலைப் பதிந்து வைத்தால் இன்னும் நல்லது. அந்த ஹாஜிகளின் ஊரிலிருந்து அவர்களின் பேரப்பிள்ளை யாராவது ஒரு நாள் வந்து கேட்டால், சக்கரத்தைக் காட்டுவதோடு நாங்கள் நின்றுவிடக் கூடாது.