அறுந்த இணைப்பும் அறாத பணியும்

சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் பேருந்தில் செல்லும் வணிகர் ஒருவர் கைப்பேசியில் கணக்கு எழுதுகிறார். சந்திரகிரி மலைப்பாங்கில் அலைத்தொடர்பு அறுந்துவிடுகிறது என்று கொள்வோம். நன்கு அமைந்த மென்பொருளாயின் எழுதிய கணக்கு அழிவதில்லை. தொடர்பு மீண்டதும் உரிய இடம் சேர்கிறது.

இதற்கு வழிகோலியவருள் ஒருவர், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற மகாதேவ் சத்தியநாராயணன். அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1987-இல் அவர் தலைமையில் 'கோடா' என்னும் கோப்பு அமைப்பின் ஆராய்ச்சி தொடங்கியது. 1991-இல் அவரும் ஜேம்ஸ் கிஸ்லரும் அதன் முறையை விளக்கினர். இணைப்பு உள்ளபோதே வேண்டிய கோப்புகளைச் சேமித்தல் முதல் நிலை. பயணத்துக்குக் கட்டுச்சோறு கட்டும் நமக்கு இது புதிதன்று. இணைப்பு அறுந்தபின் சேமித்ததைக் கொண்டு பணிபுரிந்து, மாற்றங்களைக் குறித்துக்கொள்ளுதல் இரண்டாவது. இணைப்பு மீண்டதும் அவற்றை மையக் கணிப்பொறியில் சேர்த்தல் மூன்றாவது. இடையில் அதே கோப்பைப் பிறரும் திருத்தியிருந்தால் முரண் எழும். தானே தீர்க்க இயலாத முரணைக் கோடா பயனரிடமே விட்டது.

இன்று வைஃபை நீங்கிக் கைப்பேசி அலை வந்தால், கருவியின் இயக்க அமைப்பே அதனை மென்பொருளுக்கு அறிவிக்கிறது. ஆயினும் பாதை திறந்ததனாலேயே மறுமுனையில் ஆள் இருப்பதாகக் கொள்ளலாகாது. மையக் கணிப்பொறி விடை தந்த பின்னரே நிலை மாறுதல் வேண்டும். அதுவரை குறிப்பேட்டை அழித்தலும் ஆகாது. வணிகரின் ஒருநாள் உழைப்பு அதில் அடங்கியுள்ளது.