கோப்பை இல்லாத அறிவியல்

பள்ளி அறிவியல் கண்காட்சின்னா நமக்கு என்ன ஞாபகம் வரும்? தெர்மாகோல் எரிமலை, அப்பா ராத்திரி முழுக்க முழிச்சு ஒட்டிய மாடல், கடைசியில் மூணு பேருக்குக் கோப்பை. இதன் வேரைத் தேடினால் நியூயார்க் வருகிறது. 1928-ல் அங்கே அமெரிக்கன் இன்ஸ்டிட்யூட் பிள்ளைகளுக்காக ஒரு கண்காட்சி நடத்தியது. 1950-ல் பிலடெல்பியாவில் அது தேசியப் போட்டியாகவே ஆகிவிட்டது.

இந்தியாவில் இதற்கு மாற்றாக நான் பார்ப்பது 1993-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஆதரவு; தமிழ்நாட்டில் நடத்தியது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் குழுவாகச் சேரலாம். பள்ளியை விட்டு நின்றவர்களும்தான், இது எனக்கு ரொம்பப் பிடிச்ச விதி. மாடல் செய்யும் வேலை இல்லை. தெருக்குழாயில் ஒரு நாளைக்கு எத்தனை குடம் வீணாகுது, ஏரித் தண்ணி ஏன் நாறுது என்று சொந்த ஊரிலேயே கேட்டு, அளந்து, எண்ணி அறிக்கை எழுதணும். தமிழிலேயே பேசலாம். ஆசிரியர் வழிகாட்டி மட்டும்.

போட்டி ஒழிஞ்சுதா என்றால், இல்லை. மாவட்டம், மாநிலம், தேசியம் என்று தேர்வு இருக்கு. மையக் கருப்பொருளும் மேலிருந்துதான் வருது. தேர்வாகாத குழு எண்ணிய குடங்களின் கணக்கு என்ன ஆகும்? பள்ளி பீரோவில் தூங்கினால் அந்தக் குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கும். மதிப்பெண்ணே போடாமல், எல்லாக் குழுவையும் ஆகஸ்ட் 15 கிராம சபையில் எழுந்து படிக்கச் சொல்லலாம். பதில் சொல்ல வேண்டியவர்கள் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள்.