ராஜலட்சுமியும் ரோசியும்

டி.பி. ராஜலட்சுமி என்றால் முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) நாயகி என்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகுதான் விசேஷமே இருக்கிறது. 1936இல் தன் நாவலையே ‘மிஸ் கமலா’ என்று எடுத்தார். தமிழில் படம் இயக்கிய முதல் பெண் அவர்தான். குழந்தை மணத்தில் மாட்டி, வெளியேறி, நாடக மேடை ஏறிய பார்ப்பனப் பெண்ணுக்கு அது லேசுப்பட்ட காரியமில்லை.

1939இல் ‘மதுரை வீரன்’ எடுத்தார். அருந்ததியர் வீட்டில் வளர்ந்து, மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன் கதை. நமக்கு அவன் சாமி. அவனைத் திரைக்குக் கொண்டுவந்தது ஒரு பார்ப்பனப் பெண் என்றால் நம்ம ஆளுங்களே நம்பமாட்டேங்கறாங்க.

அந்தத் துணிச்சலை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதே காலத்தில் பக்கத்துத் திருவிதாங்கூரில் நடந்ததையும் சேர்த்துத்தான் பார்க்கணும். மலையாளத்தின் முதல் நாயகி பி.கே. ரோசி புலையர் சாதிப் பெண். 1920களின் கடைசியில் எடுத்த ‘விகதகுமாரன்’ மௌனப் படத்தில் நாயர் பெண்ணாக நடித்தார். அம்புட்டுதான் குற்றம். திருவனந்தபுரத்தில் படம் ஓடியபோது திரை மீது கல் விழுந்தது. குடிசை எரிந்தது. தமிழ்நாட்டுக்குத் தப்பி வந்து, நடித்தவள் என்று யாருக்கும் தெரியாமல் குடும்பம் நடத்தினார். பேசும்பட நாயகியிலிருந்து இயக்குநராக ராஜலட்சுமிக்கு 5 வருஷம் பிடித்தது. ரோசிக்கு இரண்டாவது படமே கிடையாது.