வந்து மறைந்த வாதம்

கோலார் தங்கவயலில் வாழ்ந்த தமிழர்க்குப் பாறை வெடிப்பு என்பது விளக்க வேண்டிய சொல்லன்று. ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் நெருக்குண்ட பாறை சிதறுங்கால், மேலே சாம்பியன் ரீஃப் குடியிருப்புகளில் அடுக்கிய பாத்திரங்கள் அதிர்ந்து ஓசையிடும். பெரிய வெடிப்புக்கு முன் சிறு அதிர்வுகள் தோன்றுவதும் உண்டு. அவற்றைப் பதிவு செய்யக் கருவிகள் அமைத்தார்கள். 1988-ல் பாறை இயந்திரவியலுக்கென ஒரு தேசிய நிறுவனமே அவ்வூரில் எழுந்தது. எனினும், எந்தச் சிறு அதிர்வு பெரியதற்கு முன்னோடி என்று அறுதியிட்டுச் சொல்லுவது எளிதாக இருக்கவில்லை.

மருத்துவ உலகிலும் இதே கேள்வி நெடுநாள் விடையின்றிக் கிடந்தது. நன்றாயிருந்த ஒருவருக்குத் திடீரென ஒரு பக்கத்துக் கை சோர்கிறது, வாய் கோணுகிறது, சொல் குழறுகிறது. வீட்டார் பதறி எழுவதற்குள், கால் மணி நேரத்தில் எல்லாம் சரியாகி விடுகிறது. "ஏதோ வாயுப் பிடிப்பு" என்று சுக்குக் கஷாயம் கொடுத்துப் படுக்க வைத்து விடுகிறோம். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயைச் சிறு கட்டி ஒன்று அடைத்து, தானே கரைந்து விலகியதன் விளைவு அது. இதனையே இன்று சிறு பக்கவாதம் என்கிறோம்.

இதன் உண்மையை முதலில் நோயாளிகளின் வாய்மொழியிலிருந்தே அறிந்தவர் டாக்டர் மில்லர் ஃபிஷர். கனடாவின் மான்ட்ரியல் நகரில் பக்கவாதக்காரர்களிடம் பொறுமையாகக் கதை கேட்டவர் அவர். நோய் விழுமுன் சில நிமிஷம் ஒரு கண் இருண்டதையும், கை மரத்ததையும் அவர்கள் கூறினர். கழுத்துத் தமனியின் அடைப்பு பற்றி 1951-ல் அவர் எழுதிய கட்டுரையில் இந்த முன்னறிகுறிகள் இடம் பெற்றன. பின்னர், 24 மணி நேரத்துக்குள் நீங்கினால் அது சிறு பக்கவாதம் என ஒரு வரம்பு கட்டினார்கள். இவ்வரம்பு நன்மையோடு தீமையும் செய்தது என்பது நம் எண்ணம். நீங்கிவிட்டதே என்ற நிம்மதியை வைத்தியரும் நோயாளியும் ஒருங்கே அடைந்தனர்.

அந்த நிம்மதியைக் கலைத்தது 2000-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு. வட கலிபோர்னியாவின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் சிறு பக்கவாதம் எனக் கண்டறியப்பட்ட 1707 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். 90 நாளுக்குள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் முழுப் பக்கவாதம் கண்டது. அவர்களில் பாதிப்பேருக்கு முதல் இரண்டே நாளில்! ஆக, நோயாளி எழுந்து நடந்து வீடு திரும்பும் அந்த மணி நேரமே ஆபத்தின் உச்சம் என்றாயிற்று.

யாரை உடனே கவனிப்பது என்று அறிய ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ராத்வெல் முதலானோர் 2005-ல் ஓர் எளிய மதிப்பெண் முறையை வகுத்தனர். 2007-ல் ஜான்ஸ்டன் முதலானோருடன் சேர்ந்து அது திருத்தப்பட்டு ஏபிசிடி-2 எனப் பெயர் பெற்றது. வயது 60 அல்லது அதற்கு மேலென்றால் ஒன்று, இரத்த அழுத்தம் 140-க்கு 90 என்ற அளவை எட்டினால் ஒன்று, ஒரு பக்கம் பலமிழந்தால் இரண்டு, பேச்சு மட்டும் குழறினால் ஒன்று, ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ நீடித்தால் இரண்டு, பத்து நிமிஷத்துக்குக் குறையாமல் நீடித்தால் ஒன்று, நீரிழிவுக்கு ஒன்று. மொத்தம் ஏழு. மூன்று வரை பெற்றவர்க்கு இரண்டு நாளில் ஆபத்து நூற்றுக்கு ஒன்று. ஆறு, ஏழு பெற்றவர்க்கு எட்டு.

விரல்விட்டு எண்ணத்தக்க இக்கணக்கு உலகெங்கும் பரவியது. ஆனால் குறைந்த மதிப்பெண் பெற்றவரிடத்தும் கழுத்துத் தமனி அடைப்போ, இதயத் துடிப்பின் ஒழுங்கின்மையோ மறைந்திருக்கலாம் என்பது விரைவில் புலனாயிற்று. 2019-ல் பிரிட்டனின் வழிகாட்டு நெறிகள் மதிப்பெண்ணை மட்டும் நம்பி முடிவு செய்ய வேண்டாம் என்றே கூறின. எண்ணைக் காட்டிலும் விரைவே பெரிது என்பதற்கு ஆக்ஸ்போர்டிலேயே சான்று கிடைத்திருந்தது. 2007-ல் வெளியான ஆய்வில், சிகிச்சையைத் தாமதமின்றித் தொடங்கியதால் 90 நாள் ஆபத்து 10.3 சதவீதத்திலிருந்து 2.1 சதவீதமாகக் குறைந்தது. 2013-ல் சீனத்தில் 5170 பேரிடம் நடந்த சோதனையோ, ஆஸ்பிரினோடு குளோபிடோகிரலையும் 24 மணி நேரத்துக்குள் தொடங்குவதன் பயனைக் காட்டியது. இம்மருந்துகளை நாமாக விழுங்கலாகாது. மூளையில் இரத்தம் கசிந்தாலும் இதே அறிகுறிகள் தோன்றும். படமெடுத்துப் பார்த்த பின்பே வைத்தியர் கொடுப்பார்.

நம் பக்கத்திலும் இதற்கொரு பின்னணி உண்டு. தங்கவயல் குடும்பங்கள் பலவற்றின் பூர்விகமான வட ஆற்காட்டில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேகப் சாண்டி 1949-ல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். தென்னாட்டில் பக்கவாதம் எவ்வளவு என்று கணக்கெடுத்த, 1970-ல் வெளியான கள ஆய்வும் வேலூரைச் சார்ந்ததே.

தங்கவயலில் சுரங்க ஆஸ்பத்திரி நெடுங்காலம் நடந்தது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்ட பின் அதுவும் ஓய்ந்தது. 2021-ல் கோவிட் நோயாளிகளுக்காகத் தூசு தட்டித் திறந்தார்கள். இன்றோ ஆயிரக்கணக்கானோர் மாரிக்குப்பத்தில் விடியலிலேயே ரயிலேறி பெங்களூருக்குப் பிழைக்கச் செல்கிறார்கள். கை மரத்து மீண்ட ஒருவர், கூலி போய்விடுமே என்று அதே ரயிலில் ஏறுவது நடக்கக் கூடியதே. ஏறாமல், 108-ஐ அழைத்து, மூளைப்படம் எடுக்க வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அங்கே வைத்தியர் முதலில் கேட்பது, எத்தனை மணிக்குத் தொடங்கியது, எவ்வளவு நேரம் இருந்தது என்பதே. அறிகுறி மறைந்த பின் பரிசோதனையில் ஒன்றும் தென்படாமற் போகலாம். அப்போது கண்டவர் சொல்லே சாட்சி. கன்னடம் சரளமாக வராவிட்டால், மணியைத் தாளில் எழுதிக் கொண்டு போகலாம். 2022-ல் நிம்ஹான்ஸ் துணையோடு கர்நாடக அரசு தொடங்கிய மூளை நலத் திட்டம் முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்களில் கோலாரும் ஒன்று.