ஆடையின் உரிமை வேறு, படத்தின் உரிமை வேறு

திரைப்பட ஆடைகளைப் பார்த்துத் தைக்கும் ரசிகர்கள், மாதிரிக்காகச் சேகரித்த படங்களை முகநூலில் தொகுப்பாகப் பகிர்கிறார்கள். 'நன்றி: இணையம்' என்று எழுதினால் போதும் எனப் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நன்றி சொல்வது அனுமதி ஆகாது.

இதில் இரண்டு கேள்விகள் உள்ளன. ஒன்று, ஆடையின் வடிவமைப்பு யாருடையது? மற்றது, அதைக் காட்டும் புகைப்படம் யாருடையது?

முதற் கேள்விக்கு 'ஸ்டார் வோர்ஸ்' வழக்கு உதாரணம். 1977இல் வெளியான அப்படத்துக்குப் படைவீரர்களின் வெள்ளைத் தலைக்கவசங்களைச் செய்த அன்ட்ரூ எய்ன்ஸ்வேர்த், பின்னாளில் அவற்றின் பிரதிகளை விற்றார். லூகாஸ்பிலிம் வழக்குத் தொடுத்தது. தலைக்கவசம் சிற்பம் அல்ல, படத் தயாரிப்புக்கான பயன்பாட்டுப் பொருளே என 2011இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால், அமெரிக்கப் பதிப்புரிமையை மீறியதற்காக அவர்மீது இங்கிலாந்திலேயே வழக்கு நடத்தலாம் என்றும் கூறியது.

இத்தீர்ப்பு புகைப்படங்களுக்குப் பொருந்தாது. நிறுவனம் வெளியிட்ட படமானாலும், கண்காட்சியில் இன்னொரு ரசிகர் எடுத்த படமானாலும் அதற்கெனத் தனி உரிமை உண்டு.

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் புகைப்படங்களைப் பாதுகாக்கிறது. விமர்சனம், செய்தி, கற்பித்தல், ஆய்வு போன்றவற்றுக்கு நியாயமான பயன்பாட்டை அது அனுமதிக்கிறது. வணிக நோக்கம் உண்டா, எவ்வளவு எடுக்கப்பட்டது, உரிமையாளரின் சந்தை பாதிக்கப்படுமா என்பவை கவனிக்கப்படும். கைத்தையலை விளக்க ஒரு படத்தைக் காட்டுவதும், ஒரு புத்தகம் முழுவதையும் ஸ்கேன் செய்து பகிர்வதும் ஒன்றல்ல.

படம் எடுத்தவரைத் தெரிந்தால் கேளுங்கள். தெரியாவிட்டால், படத்தை எடுத்துப் போடாமல் மூலப் பக்கத்தின் இணைப்பைக் கொடுங்கள்.