ஆன்டெனாக்கள் இறங்கிய கதை

2022 மார்ச் 31-ஆம் நாளோடு இந்தியாவில் அனலாக் நிலவழித் தொலைக்காட்சி ஏறத்தாழ முடிந்துபோயிற்று. முக்கியமான இடங்களில் ஐம்பது அலைபரப்பிகளை மட்டும் வைத்துக்கொண்டு எஞ்சியவற்றை அந்நாளுக்குள் மூடிவிடுவதாகப் பிரசார் பாரதி 2021 அக்டோபரில் அறிவித்திருந்தது. ஆண்டுக்குச் சுமார் 100 கோடி ரூபாய் மிச்சமாகும் என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று.

பிற நாடுகள் இந்த நாளைக் கடந்த விதம் வேறு. அமெரிக்காவில் 2009 ஜூன் 12 அன்று முழுத்திறன் நிலையங்கள் அனலாக்கை நிறுத்தின. அதற்கு முன்பே, பழைய பெட்டியில் புதிய அலையை வாங்கித் தரும் கருவிக்காக, கேட்ட வீடுகளுக்கெல்லாம் 40 டாலர் கூப்பன்களை அரசு அனுப்பிவைத்தது. ஜப்பானில் 2011 ஜூலை 24 நண்பகலில், நிலநடுக்கம் தாக்கிய மூன்று மாவட்டங்கள் நீங்கலாக, நாடெங்கும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். பிரிட்டன் 2012 அக்டோபர் 24 அன்று முடித்துக்கொண்டது. அங்கெல்லாம் ஓர் அலை போனால் இன்னோர் அலை வந்தது. நம்மிடம் போனது மட்டும் நடந்தது. தருமபுரி போன்ற ஒரு மாவட்டத்திலிருந்து பார்க்கும்போது இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியபோது தருமபுரிக்கு அதனால் ஆனது ஒன்றுமில்லை. தூரமே சுமார் 300 கிலோமீட்டர். தொலைக்காட்சி அலை ஏறக்குறைய நேர்க்கோட்டில் செல்வது. மலை குறுக்கிட்டால் அதன் மறைவில் இருக்கும் ஊர் இருட்டுதான். அதியமானுக்கு அரணாக நின்ற குறிஞ்சி நிலம் தூர்தர்ஷனுக்கும் அரணாகவே நின்றது என்று வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. தென்கடலோரத்தார் 1982-க்குப் பிறகு உயர்ந்த கம்பங்கள் நட்டு இலங்கையின் ரூபவாஹினியைப் பிடித்தார்கள். ஓசூர்ப் பக்கத்தாருக்கு 40 கிலோமீட்டரில் பெங்களூர் இருந்தது. இடைப்பட்ட நிலத்தில் இருந்தவர்கள் காத்திருந்தார்கள்.

1983-இல் இன்சாட்-1பி விண்ணில் ஏறியபின் நிலைமை மாறியது. 1984-இல் நாளொன்றுக்கு ஒரு அலைபரப்பி என்ற வேகத்தில் நாடெங்கும் குறைதிறன் நிலையங்கள் எழும்பின. பெரும்பாலானவை 100 வாட் திறனே உடையவை. சுற்றிலும் இருபது கிலோமீட்டர் எட்டினால் பெரிது. அவை செயற்கைக்கோளிலிருந்து வாங்கித் தந்தது டெல்லியின் நிகழ்ச்சிகளை. சேலத்திலிருந்து தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்தது 1965 அக்டோபரில். அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் தமிழகம் இந்தி எதிர்ப்பில் கொந்தளித்தது. இருபதாண்டுகள் கழித்து, அரசாங்கம் வானத்திலிருந்து இறக்கிவைத்த முதல் படமே இந்தியில் பேசியது. மக்கள் என்ன செய்தார்கள்? பார்த்தார்கள். 1987 ஜனவரி முதல் ஞாயிறு காலைகளில் ராமாயணத்தை ஒரு சொல் புரியாமல் பார்த்தார்கள். கதை தெரிந்த கூட்டத்துக்கு மொழி எதற்கு? தெருக்கூத்து மண்ணில் இரவெல்லாம் பாரதம் பார்த்துப் பழகியவர்களைப் பற்றி இந்த ஒன்றையாவது டெல்லியின் தயாரிப்பாளர்கள் அறிந்திருக்கமாட்டார்கள்.

அனலாக் அலையின் குணம் ஒன்றைச் சொல்லவேண்டும். அது வலுவிழந்தாலும் முற்றாகக் கைவிடாது. படத்தில் புள்ளிகள் பறக்கும், உருவம் இரண்டாகத் தெரியும், ஆனாலும் ஏதோ ஒன்று வந்துகொண்டிருக்கும். ஓட்டின்மேல் ஒருவர் ஏறி அலுமினியக் குழாய்களைத் திருப்ப, கீழே ஒருவர் ‘வருது, வருது, போச்சு’ என்று கூவுவதற்கு அந்தக் குணமே காரணம். டிஜிட்டலில் இந்தப் பேரம் கிடையாது. எல்லை வரையில் தெளிவு, எல்லை கடந்தால் வெறுந்திரை. மலை மறைவில் வாழ்பவர்களுக்கு இந்த வேறுபாடு சிறியதன்று.

உண்மையில் எங்கள் பக்கத்து ஆன்டெனாக்கள் 2022-க்கு வெகுமுன்பே இறங்கிவிட்டன. 1993 ஏப்ரலில் சன் டிவி வந்தது. தொண்ணூறுகளின் முடிவுக்குள் தெருக்கம்பங்களில் கேபிள் கம்பி ஓடிற்று. தமிழில் நாள் முழுதும் படம் கிடைக்கும்போது யார் ஓட்டின்மேல் ஏறுவார்? 2006 செப்டம்பரில் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் ஒன்றரைக் கோடி வீடுகளுக்குமேல் பெட்டி கொடுத்தது. பெட்டி இலவசம், அதில் படம் வர மாதக்கட்டணம் என்ற நிலையை அப்போது பலரும் கேலி பேசினார்கள். 2011-இல் அரசு கேபிள் 70 ரூபாய்க்கு இணைப்பு தந்தபோது அந்தக் கேலி ஓரளவு அடங்கியது.

பிறகு செட்டாப் பாக்ஸ். 2011-இன் சட்டத்திருத்தம் கேபிளை நான்கு கட்டங்களில் டிஜிட்டலாக்கச் சொன்னது. சிற்றூர்களுக்கான கடைசிக் கெடு 2017 மார்ச் 31 வரை நீண்டது. அரசு கேபிள் அவ்வாண்டு செப்டம்பரில்தான் பெட்டிகளை வழங்கத் தொடங்கிற்று. எங்கள் மக்கள் ‘டிஜிட்டல் ஆகிவிட்டது’ என்று சொல்வது இதைத்தான். ஆனால் இது கம்பிவழி மாற்றம். வானொலியைப் போல் காற்றில் வந்து, கட்டணமின்றி எவர் வீட்டிலும் இறங்கும் நிலவழி ஒளிபரப்பு டிஜிட்டலாக மாறுவது வேறு சங்கதி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால்தான் இரண்டாவது நடக்கவில்லை என்பதே நமக்கு உறைக்கவில்லை.

அந்த இரண்டாவது முயற்சி 2003-இல் நான்கு பெருநகரங்களில் தொடங்கியது. 2016 பிப்ரவரியில் புதிய தொழில்நுட்பத்தோடு 16 நகரங்களுக்கு விரிந்தது. தமிழகத்தில் சென்னை மட்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2017 ஜனவரியில் ஒரு கால அட்டவணையே பரிந்துரைத்தது: பெருநகரங்கள் 2019-க்குள், பத்து லட்சம் மக்களுக்கு மேற்பட்ட நகரங்கள் 2021-க்குள், எஞ்சிய நாடு 2023 டிசம்பருக்குள். தருமபுரி அந்த ‘எஞ்சிய நாட்டில்’ அடங்கும். டிஜிட்டல் வராமலே அனலாக் போயிற்று.

அலைபரப்பிகளை மூடியது தவறென்று நான் வாதிட வரவில்லை. பார்ப்பவர் அற்றுப்போன எந்திரத்துக்கு மின்கட்டணம் கட்டுவதில் பொருளில்லை. ஆனால் பார்ப்பவர் ஏன் அற்றுப்போனார் என்ற கேள்வி உண்டு. ஒரேயொரு அலைவரிசையை, மங்கலாக, நெடுங்காலம் பிறமொழியில் தந்துவிட்டு, மக்கள் விலகிப் போனார்கள் என்று கணக்கெழுதுவது அவ்வளவு நேர்மையாகப் படவில்லை. பழைய ஓர் அலைவரிசையின் அலை அகலத்துக்குள் டிஜிட்டலில் பல அலைவரிசைகளை அடக்கலாம். சித்தேரி, வத்தல்மலை போன்ற இடங்களில் சிதறிக் கிடக்கும் குடியிருப்புகளுக்குக் கம்பி இழுப்பது எந்த நிறுவனத்துக்கும் கட்டுப்படியாகாது. குன்றின்மேல் ஒரு சிறு அலைபரப்பி அவர்களுக்குப் பயன்பட்டிருக்கும்.

கட்டணமில்லாத வழி அடியோடு இல்லாமற் போகவில்லை. 2004 டிசம்பரில் தூர்தர்ஷன் தொடங்கிய, இன்று ஃப்ரீ டிஷ் எனப்படும் செயற்கைக்கோள் சேவை இருக்கிறது. வடமாநிலங்களில் கோடிக்கணக்கான வீடுகள் அதை நம்பியிருக்கின்றன. அதில் தமிழ் அலைவரிசைகள் மிகச் சிலவே என்பதால் இங்கே அதற்கு ஆதரவில்லை. கைப்பேசிக்கு இணையமின்றியே நேரடியாக ஒளிபரப்பும் முறையைக் கான்பூர் ஐஐடியோடு சேர்ந்து பிரசார் பாரதி சோதித்துவந்தது. அது பெருநகரங்களைத் தாண்டி எப்போது வரும் என்பதற்கு முந்தைய அட்டவணையைப் புரட்டினால் போதும்.

சென்னை நிலையத்தின் ‘பொதிகை’, 2024 ஜனவரியில் ‘டிடி தமிழ்’ என்று பெயர் மாறிப் புதுப்பொலிவு பெற்றது. அதைத் தருமபுரியில் பார்க்க மாதாமாதம் கேபிளுக்குப் பணம் கட்டவேண்டும். அல்லது கூரைமேல் ஒரு தட்டு வேண்டும். அல்லது கைப்பேசியில் டேட்டா இருக்கவேண்டும்.