மணலியின் எண்ணெயும் செஸ்னாவின் எஞ்சினும்

எரிபொருள் விலை ஏறும்போதெல்லாம், சிறு விமானம் ஓட்டும் பொழுதுபோக்கு விமானிகளின் சிரமத்துக்குக் கச்சா எண்ணெயையும் வரியையும் காரணம் காட்டுவது வழக்கம். 2008 ஜூலையில் பீப்பாய் 147 டாலரைத் தொட்டபோது அந்த விளக்கமே போதும் என்று தோன்றியது. சென்னைக்கு வடக்கே, மணலியிலிருந்து எண்ணூர் வழியாகக் கும்மிடிப்பூண்டி வரை நீளும் தொழிற்பகுதியை வைத்துப் பார்த்தால் அது போதவில்லை. 1969-இல் 25 லட்சம் டன் திறனுடன் தொடங்கிய மணலி சுத்திகரிப்பு ஆலையின் இன்றைய திறன் ஆண்டுக்கு 105 லட்சம் டன். அங்கிருந்து ஜெட் எரிபொருள் குழாய் வழியே மீனம்பாக்கம் போகிறது. அதே மீனம்பாக்கத்தில் 1930-இல் பிறந்த மெட்ராஸ் ஃபிளையிங் கிளப் போன்றதொரு கழகம் செஸ்னா 172எஸ் ஓட்டினால், அந்தக் குழாயிலிருந்து ஒரு லிட்டரும் அதற்குப் பயன்படாது. அந்த எஞ்சினுக்கு வேண்டியது ஏவ்கேஸ் 100 எல்எல் எனும் ஈயம் கலந்த விமானப் பெட்ரோல்.

ஆகவே இந்த விமானிகள் சார்ந்திருப்பது பெட்ரோலியத்தைப் பொதுவாக அல்ல, அதன் மிகக் குறுகிய ஒரு வகையை. அந்தக் குறுக்கத்தை உண்டாக்கியது எஞ்சினுக்கு வழங்கப்பட்ட வகைச் சான்று. ஒப்பிட்டுப் பார்க்க, சென்னையை அடுத்த சோழவரத்தின் உலகப்போர்க் கால ஓடுதளத்தில் பல்லாண்டுகள் கார்ப் பந்தயம் நடந்தது. பந்தயக் காரின் எஞ்சினைக் கிடைக்கும் எரிபொருளுக்கு ஏற்ப மெக்கானிக் திருத்திக்கொள்ளலாம். விமான எஞ்சினில் அப்படிக் கை வைத்தால் சான்றே செல்லாது. நம் சாலைகளிலிருந்து 2000-இல் விலக்கப்பட்ட ஈயம் வானில் இன்னும் எரிவதற்கும் இதுவே காரணம்.

ஏவ்கேஸை இந்தியாவிலேயே தயாரிக்கத் தொடங்கிவிட்டோமே என்று மறுக்கலாம். 2022 செப்டம்பரில் இந்தியன் ஆயில் வதோதரா ஆலையின் ஏவ்கேஸை அறிமுகப்படுத்தியது. அதுவரை முழுவதும் இறக்குமதிதான். வரத்து உறுதிப்பட்டதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் சிறிய அளவில் தனியாகத் தயாரித்து, தனித் தொட்டியில் வைத்து, தனியாகக் கொண்டுவர வேண்டிய பொருளுக்குப் பெருஞ்சந்தையின் மலிவு கிட்டாது. அதில் சேரும் டெட்ரா எத்தில் ஈயத்தை மேற்கு நாடுகளில் தயாரிப்பதும் பிரிட்டனின் ஒரே ஆலைதான். பணக்காரர் பொழுதுபோக்குக்காக ஏன் கவலைப்பட வேண்டும் என்பது இன்னொரு மறுப்பு. இதில் பாதி நியாயம் உண்டு. ஆனால் இந்தியாவில் பொழுதுபோக்குக்கும் பயிற்சிக்கும் பெரும்பாலும் ஒரே ரக விமானங்கள்தாம். வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும். மணிக்கு 30 லிட்டர் என்று வைத்தாலும் 6,000 லிட்டர். கடன் வாங்கிப் படிக்கும் மாணவரின் கட்டணத்தில் அது வந்து சேரும்.

ஏவ்கேஸிலிருந்து வெளியேறும் வழிகளிலும் இதே சிக்கல். பெங்களூரு தேசிய வானூர்தி ஆய்வகம் (என்ஏஎல்) உருவாக்கிய ஹன்சா-என்ஜி விமானத்தின் ரோடாக்ஸ் எஞ்சின் ஈயமில்லாப் பெட்ரோலில் ஓடும். எரிபொருளும் குறைவாகவே குடிக்கும். ஆனால் ரோடாக்ஸ் அனுமதிக்கும் எத்தனால் 10 சதவீதம். இன்று பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் கலந்தது. சாலைக்காக எடுத்த முடிவு விமானியின் மலிவு வழியை அடைத்துவிட்டது. இதை யாரும் திட்டமிட்டுச் செய்ததாக நான் கருதவில்லை. இந்தச் சிறு நுகர்வோர் கணக்கில் வரவே இல்லை. டயமண்ட் டிஏ-40 என்ஜி போன்ற விமானங்களின் டீசல் வகை எஞ்சின்கள் ஜெட் எரிபொருளிலேயே ஓடும். மணலியின் ஜெட் எரிபொருள் நேரடியாகப் பயன்படும் வழி அது. தமிழகத்தில் ஜெட் எரிபொருளுக்கு 29 சதவீத மதிப்புக் கூட்டு வரி உண்டு என்பதால், வரி பற்றிய வாதம் உண்மையில் பொருந்துவது இங்கேதான். புது விமானத்தின் விலையோ சிறு கழகங்களின் கைக்கு எட்டாதது. எனவே அரசு உதவ நினைத்தால், ஏவ்கேஸுக்கு மானியம் தருவதைவிட எஞ்சின் மாற்றத்துக்குக் கடன் தருவதும், எத்தனால் கலக்காத பெட்ரோலுக்குக் கழகங்களில் ஒரு தொட்டி ஒதுக்குவதும் பொருத்தம்.

மின்சார விமானம் இந்தக் கணக்கையெல்லாம் தேவையற்றதாக்கிவிடும் என்போர் உண்டு. 2020-இல் ஐரோப்பிய வகைச் சான்று பெற்ற பிபிஸ்ட்ரல் வேலிஸ் எலக்ட்ரோ ஏறத்தாழ 50 நிமிடம் பறக்கும். ஓடுதளத்தைச் சுற்றிச் சுற்றி ஏறி இறங்கும் பயிற்சிக்கு அது போதும். வணிக உரிமத்துக்குக் கட்டாயமான 300 கடல் மைல் பயணத்துக்கு இப்போதைக்குப் பெட்ரோலோ டீசல் வகை எஞ்சினோதான்.